திரிபின் பொருள் தெரியவில்லை என்றால் கெட்டதென்றே வைத்துக்கொள்ளலாமா?

சிங்கப்பூரின் செங்காங் வாசகி ஒருவரின் கேள்வி, 2 பிப்ரவரி 2025

என் தங்கைக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்துவிட்டன. மரபணுப் பரிசோதனையில், மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 மரபணுவில் ஒரு திரிபு, அதாவது ஒரு மாற்றம், இருப்பதாகவும், அதன் பொருள் இன்னும் உறுதியாகவில்லை என்றும் அறிக்கை வந்துள்ளது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறார் மருத்துவர். எனக்கு இது விளங்கவில்லை. சந்தேகம் என்று வந்த பிறகு கெட்டதென்றே வைத்துக்கொண்டு நடப்பதுதானே பாதுகாப்பு? சினைப்பைகளை எடுத்துவிடும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு 46 வயது, மகளுக்கு 19. நாங்கள் இருவரும் அதே திரிபுக்குப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

2 பிப்ரவரி 2025, இரவு

இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. நான் மருத்துவர் அல்லள். உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவள், ஏடிஎம் என்ற மரபணுவில் இதேபோல் பொருள் உறுதியாகாத ஒரு திரிபு இருப்பதாக அறிக்கை பெற்றவள்.

தோஷம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஜாதகத்துக்கும் நம் வீடுகளில் பரிகாரம் செய்துவிடுவார்கள்; போனால் கொஞ்சம் பணம் போகும். சினைப்பைகளை எடுப்பது அத்தகைய பரிகாரம் அன்று. நாற்பதைக் கடந்த உடனேயே மாதவிடாய் முற்றாக நிற்பதால் எலும்பு வலுவிழக்கும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும், உறக்கமும் உடற்சூடும் நிலைகுலையும். நோய் விளைவிப்பது என்று உறுதியான பிஆர்சிஏ2 திரிபு உள்ளவர்களுக்கு 40 முதல் 45 வயதுக்குள் அந்த அறுவையைப் பரிந்துரைக்கிறார்கள் என்றால், 80 வயதுக்குள் அவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் 69 விழுக்காட்டினருக்கு மார்பகப் புற்றுநோயும் வரலாம் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கணக்கு உங்கள் தங்கையின் திரிபுக்குச் சொந்தமானது என்று யாரும் காட்டவில்லை.

3 பிப்ரவரி 2025

"அப்படியானால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கொள்ளலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்ள முடியாது. அதற்கான காரணம் இந்த வகைப்பாடு எப்படிச் செய்யப்படுகிறது என்பதில் இருக்கிறது.

அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூற்று நோயியல் சங்கமும் 2015இல் வெளியிட்ட நெறிமுறைப்படி ஒவ்வொரு திரிபும் ஐந்து வகைகளில் ஒன்றில் அடங்கும்: நோய் விளைவிப்பது, பெரும்பாலும் நோய் விளைவிப்பது, பொருள் உறுதியாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் இருப்பதைத்தான் மருத்துவமனையில் வியுஎஸ் என்கிறார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள் இந்த நெறிமுறைக்குள் நிகழ்தகவுக் கணிதம் ஒளிந்திருப்பதைக் கண்டு, சான்றுகளைப் புள்ளிகளாக்கினார்கள். பலவீனமான சான்றுக்கு 1, நடுத்தரமானதற்கு 2, வலுவானதற்கு 4, மிக வலுவானதற்கு 8; தீங்கில்லை என்று காட்டும் சான்றுகளுக்கு எதிர்மறைப் புள்ளிகள். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் விளைவிப்பது. 6 முதல் 9 வரை பெரும்பாலும் நோய் விளைவிப்பது. 0 முதல் 5 வரை பொருள் உறுதியாகாதது. அதற்குக் கீழே தீங்கற்ற பக்கம்.

எந்தச் சான்றும் இல்லாத திரிபு நோய் விளைவிப்பதாக இருக்கும் தொடக்க நிகழ்தகவு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும், நோய் விளைவிக்கும் வாய்ப்புக்கும் விளைவிக்காத வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தை ஏறத்தாழ இருமடங்காக்கும். ஆகவே 0 புள்ளி என்றால் 10 விழுக்காடு, 3 புள்ளி என்றால் 50 விழுக்காடு, 5 புள்ளி என்றால் 81 விழுக்காடு. 6ஆவது புள்ளியில் 90ஐத் தொட்டு அடுத்த வகைக்குப் போய்விடும். ஒரே பெயருக்குள் 10 விழுக்காட்டுத் திரிபும் 81 விழுக்காட்டுத் திரிபும் குடியிருக்கின்றன. ஆய்வகத்தார் தமக்குள் குளிர்ந்த வியுஎஸ், சூடான வியுஎஸ் என்று பிரித்துப் பேசிக்கொள்வதும் இதனால்தான். உங்கள் தங்கையின் அறிக்கையில் எந்தெந்தச் சான்றுகள் எண்ணப்பட்டன என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காதவரிடம் தாமாகச் சொல்வது அரிது.

3 பிப்ரவரி 2025, சற்று நேரம் கழித்து

ஓர் எண் எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருப்பதால் அதையும் இங்கே வைத்துவிடுகிறேன். 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், 2006 முதல் 2016 வரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்த சுமார் 14.5 லட்சம் பேரின் முடிவுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுவகைப்பாடு பெற்ற வியுஎஸ் திரிபுகளில் 91 விழுக்காடு தீங்கற்ற பக்கம் இறங்கின.

4 பிப்ரவரி 2025

இரவு முழுவதும் அந்த 91 என்னை உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனெனில் அதைப் படிப்பவர் தமக்கு 91 விழுக்காடு நல்ல செய்தி காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். அதே ஆய்வில் மறுவகைப்பாடு பெற்றவை மொத்த வியுஎஸ் திரிபுகளில் 7.7 விழுக்காடு மட்டுமே. மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. தீர்ப்பு கிடைத்த வழக்குகளின் விகிதத்தைத் தீர்ப்பு கிடைக்காத வழக்குகள்மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது.

6 பிப்ரவரி 2025

"நம்மவர்களுக்குத்தான் இந்த முடிவு அதிகம் வருகிறதாமே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆம், ஐரோப்பிய வம்சாவளியினர் அல்லாத எல்லோருக்கும் இது கூடுதலாகவே வருகிறது. இதற்கு நம் உடல் காரணமில்லை. தரவுக் களஞ்சியம் காரணம். ஒரு திரிபு நலமாக இருக்கும் மக்களிடையே பரவலாகக் காணப்பட்டால் அது பெரும் தீங்கு செய்வதாக இருக்க முடியாது. பிஆர்சிஏ2, அதே வகையைச் சேர்ந்த பிஆர்சிஏ1 இரண்டையும் பொறுத்தவரை ஒரு மக்கள் பிரிவில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் காணப்படும் திரிபைத் தீங்கற்றது என்று அந்த ஒரு சான்றைக் கொண்டே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த மக்களின் மரபணுக்களை யாரேனும் படித்து எண்ணியிருந்தால்தானே ஒதுக்க முடியும்?

சிங்கப்பூரைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்குள்ள மக்களின் மரபணுத்தொகுதிகளைப் படிக்கும் எஸ்ஜி10கே திட்டத்தின் முதல் பெரிய ஆய்வு 2019இல் வெளிவந்தபோது அதில் 4,810 பேரின் முழு மரபணுத்தொகுதிகள் இருந்தன: சீனர் 2,780, மலாய்க்காரர் 903, இந்தியர் 1,127. ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் இருப்பதால் இந்தியர்களிடமிருந்து கிடைத்தவை 2,254 பிரதிகள். 0.1 விழுக்காடு அளவில் நம்மிடையே உலவும் ஒரு திரிபு அந்தக் கூட்டத்தில் சராசரியாக இரண்டு முறைதான் தென்படும். ஒருமுறைகூடத் தென்படாமல் போவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது ஒதுக்கித் தள்ள வேண்டிய ஒரு திரிபு, கூட்டம் சிறியது என்பதாலேயே அபூர்வமானதாகத் தோற்றமளிக்கலாம். அடுத்த கட்டமாக எஸ்ஜி100கே என்று ஒரு லட்சம் பேரை இலக்காகக் கொண்டார்கள். எனக்கு அதில் உண்மையான ஆர்வம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. "இந்தியர்" என்ற ஒரே பெட்டி நமக்குப் போதாது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணந்து, சாதிக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த சமூகங்களில், மூதாதை ஒருவரிடம் இருந்த திரிபு அந்தச் சிறு வட்டத்துக்குள் பெருகிவிடும். 2017இல் வெளியான ஆய்வொன்று 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்கள், இதற்குப் பேர்பெற்ற பின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை என்று காட்டியது. அஷ்கெனாசி யூதர்களிடம் புகழ்பெற்ற 185டெல்ஏஜி என்ற பிஆர்சிஏ1 திரிபு தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது. அது நோய் விளைவிப்பது என்பதில் ஐயமே இல்லை. ஆகவே "நம்மிடம் மட்டும் இருக்கிறது" என்பது நல்லதற்கும் சான்றாகாது, கெட்டதற்கும் சான்றாகாது.

9 பிப்ரவரி 2025

உறவினர் பரிசோதனைக்கு வருகிறேன். எனக்கு முடிவு வந்த காலத்தில் திருச்சியில் இருக்கும் என் சித்தி மகளிடம் தனியார் ஆய்வகம் ஒன்றின் முகவர் (பெயர் வேண்டாம்) அதே திரிபுக்குப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: இருக்கிறது என்று வந்தால் நீ என்ன செய்வாய், இல்லை என்று வந்தால் என்ன செய்வாய்? இரண்டுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது, ஏனெனில் பொருள் தெரியாத ஒன்று இருப்பதும் இல்லாததும் அவளுடைய மருத்துவத்தில் எதையும் மாற்றாது. பணம் மிச்சம்.

இல்லை என்று வருவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. உங்கள் மகளிடம் அந்தத் திரிபு இல்லை என்று வந்தால் அவள் "தப்பித்தேன்" என்று நினைத்து மேமோகிராம் என்ற மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனையையே மறந்துவிடக்கூடும். தங்கைக்கு நோய் வந்தது அந்தத் திரிபால்தான் என்று நிறுவப்படாதவரை, அது இல்லாதவர் எதிலிருந்தும் தப்பித்தவர் ஆகமாட்டார்.

9 பிப்ரவரி 2025, மாலை

வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. திரிபின் பொருளைக் கண்டறியும் நோக்கத்தில் ஆய்வகமோ மரபணு மருத்துவரோ குடும்பத்தினரின் மாதிரியைக் கேட்டால் கொடுக்கலாம். அது உங்களுக்கான பரிசோதனை அன்று, திரிபுக்கான பரிசோதனை. அப்போதும் யாரைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்: நலமாக இருக்கும் 19 வயதுப் பெண்ணால் பயனில்லை, புற்றுநோய் வந்த பெரியம்மாவோ, அத்தையோ, ஒன்றுவிட்ட சகோதரியோ இருந்தால்தான் பயன். உடன்பிறந்தவர்களிடம் ஒரே திரிபு இருப்பதற்குத் தற்செயலாகவே பாதி வாய்ப்பு உண்டு. ஆகவே நோய்வாய்ப்பட்ட ஒரு சகோதரி அதைச் சுமந்தால் சான்று ஏறத்தாழ இருமடங்காகிறது. மேலே சொன்ன கணக்கில் அது ஒரே ஒரு புள்ளி. சிங்கப்பூரில் ஏறத்தாழ 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதால், திரிபுக்குத் தொடர்பே இல்லாமல் குடும்பத்தில் இருவருக்கு நோய் வருவதும் சாதாரணமாக நடக்கக்கூடியதுதான்.

10 பிப்ரவரி 2025

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் முடிவைப் பகிர்ந்தபோது வந்த முதல் மறுமொழி, வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னது. அந்த ஆலோசனைக்கும் எத்தனை புள்ளி என்று அந்தக் குழுவிலேயே கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் யாரும் என்னிடம் பேசவில்லை.

16 பிப்ரவரி 2025

திரிபை ஒதுக்கி வைத்துவிட்டு எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை குடும்ப வரலாறுதான். அதைத் திரட்டுவதுதான் நம் குடும்பங்களில் மிகவும் கடினம். ஆலோசகர் என் முன் தாளை வைத்து, ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக மூன்று தலைமுறையை வரையத் தொடங்கியபோது, என் பெரியம்மா எப்படி இறந்தார் என்பதற்கு என்னிடம் இருந்த விடை "வயிற்றில் கட்டி" என்பது மட்டுமே. அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் இப்போது எதற்கு" என்றார். மன்னார்குடியில் இருக்கும் மாமாவிடம் பல தடவை தொலைபேசியில் பேசிய பிறகு, பெரியம்மாவுக்கு வயிறு வீங்கி நீர் கோத்ததும், தஞ்சாவூரில் அந்த நீரை வடித்ததும், ஓர் ஆண்டுக்குள் இறந்ததும் தெரியவந்தன. சினைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் அப்படி நீர் கோப்பது உண்டு. கல்லீரல் கெட்டாலும், காசநோயிலும்கூட அப்படிக் கோக்கும். ஆலோசகர் வட்டத்துக்கு அருகே ஒரு கேள்விக்குறி போட்டார். அறிக்கையில் இருந்த ஏடிஎம் திரிபைவிட அந்தக் கேள்விக்குறிக்கு அவர் அதிக மதிப்புக் கொடுத்தார் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

மார்பகம், கருப்பை, சினைப்பை என்று வந்துவிட்டால் பெண்ணின் மண வாய்ப்புக் கெடும் என்று அஞ்சி மறைத்த தலைமுறை அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்த மௌனத்துக்கான விலையை இப்போது பேத்திகள் கொடுக்கிறார்கள்.

அப்பா வழியையும் கேளுங்கள். பிஆர்சிஏ2 பதின்மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அது தாயிடமிருந்து வருவதற்கு எவ்வளவு வாய்ப்போ தந்தையிடமிருந்து வருவதற்கும் அவ்வளவே வாய்ப்பு. இருந்தும் பலர் "அம்மா வழியில் யாருக்கும் இல்லை" என்று சொல்லிப் படிவத்தை மூடிவிடுகிறார்கள். அத்தைகளுக்கு என்ன நேர்ந்தது, சித்தப்பாவுக்கு வந்தது புராஸ்டேட்டா கணையமா, ஆண்களில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா என்பவையும் இந்த மரபணுவைப் பொறுத்தவரை முக்கியமான கேள்விகள்.

17 பிப்ரவரி 2025

செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடுமே என்ற கேள்விக்குச் சுருக்கமாக: 2023 செப்டம்பரில் வெளிவந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி, புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் ஒன்று மாறும் வகைத் திரிபுகளில் சாத்தியமான சுமார் 7.1 கோடியையும் மதிப்பிட்டு, 57 விழுக்காட்டைப் பெரும்பாலும் தீங்கற்றவை என்றும் 32 விழுக்காட்டைப் பெரும்பாலும் நோய் விளைவிப்பவை என்றும் கணித்தது. இத்தகைய கணிப்பு ஒரு சான்று, புள்ளிகள் பெறும், தனியே நின்று தீர்ப்புச் சொல்லாது. புரதம் பாழாகிறது என்பது ஒன்று, அதைச் சுமப்பவருக்குப் புற்றுநோய் வருகிறது என்பது வேறொன்று.

1 மார்ச் 2025

ஒருவர் தமது அறிக்கையில் "புரதம் பாதியில் நின்றுவிடும்" வகைத் திரிபு இருந்தும் தீங்கற்றது என்று போட்டிருக்கிறார்கள், ஆய்வகம் தவறிவிட்டதோ என்று தனிமடலில் கேட்டார். அவர் குறிப்பிட்ட திரிபு பிஆர்சிஏ2இல் புகழ்பெற்றது. அந்தப் புரதத்தில் 3,418 அமினோ அமிலங்கள். இந்தத் திரிபு 3,326ஆம் இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கிறது. பாதியில் அன்று, ஏறக்குறைய கடைசியில். இழப்பது வால்பகுதி. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவர் இருவர் இதைச் சுமக்கிறார்கள். பிஆர்சிஏ2 திரிபுகளுக்கு உரிய உயர் ஆபத்து அவர்களிடம் இல்லை. முற்றுப்புள்ளி என்றால் கெட்டது என்ற விதிக்கும் இடம் பொருள் ஏவல் உண்டு.

எதிர்ப்புறமும் ஓர் உதாரணம் இருக்கிறது. பிஆர்சிஏ1இல் 1,699ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமைன் வரும் திரிபு எந்தப் பெட்டியிலும் அடங்காமல் ஆய்வாளர்களைத் திணறடித்தது. கடைசியில் தெரிந்தது, அது உண்மையிலேயே இடைநிலை ஆபத்து உடையது என்பது: 70 வயதுக்குள் மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு சுமார் 24 விழுக்காடு. எல்லா ஐயமும் ஒருநாள் நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

15 மார்ச் 2025

காப்புறுதி பற்றிக் கேட்டவருக்கு: சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாடு 2021 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அதன்படி காப்புறுதி நிறுவனம் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நோய் வருமுன் செய்த பரிசோதனையின் முடிவைப் பயன்படுத்தவும் முடியாது. மிக உயர்ந்த காப்புத் தொகைக்குக் குறிப்பிட்ட சில பரிசோதனைகளில் மட்டும் விலக்கு உண்டு. நோய் வந்த பிறகு செய்த பரிசோதனை இந்தப் பாதுகாப்புக்குள் வராது. உங்கள் தங்கையின் நிலையும் என் நிலையும் அதுவே.

22 மார்ச் 2025

என் ஏடிஎம் திரிபு இப்போது வியுஎஸ் அன்று. பெரும்பாலும் தீங்கற்றது என்று அதை மாற்றி ஆய்வகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. அனுப்பியது பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு. அவரோ வேறிடம் போய்விட்டார். கடிதம் கோப்பில் கிடந்தது. வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்த நான் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டதால்தான் தெரிந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கேளுங்கள். அறிக்கையின் முழுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், "பிஆர்சிஏ2இல் ஏதோ ஒன்று" என்ற நினைவு போதாது; திரிபின் முழுக் குறியீடு இருந்தால்தான் கிளின்வார் போன்ற பொதுக் களஞ்சியத்தில் எவராலும் தேட முடியும். அங்கே தேடினால் எத்தனை நட்சத்திரம் என்று பாருங்கள்: நிபுணர் குழு ஆராய்ந்ததற்கு மூன்று, மதிப்பீட்டு முறையையே சொல்லாமல் அனுப்பப்பட்டதற்கு ஒன்றுமில்லை. ஒரே திரிபுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு பெயர் சூட்டியிருப்பதும் அங்கே காணக்கிடைக்கும்.

செய்தி கேட்டு நான் எதிர்பார்த்த அளவு நிம்மதி வரவில்லை. அந்தத் திரிபு காரணமில்லை என்றால் வேறு எது காரணம் என்ற கேள்வி உடனே வந்து நின்றது.

30 ஆகஸ்டு 2025

செங்காங் வாசகி தங்கையின் அறிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய இசைவோடு இங்கே பதிகிறேன். அந்தத் திரிபு பிஆர்சிஏ2 புரதத்தில் டிஎன்ஏவோடு பிணையும் பகுதியில் இருக்கிறது. இந்த ஆண்டு ஜனவரியில் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வொன்றில் அந்தப் பகுதியில் ஏற்படக்கூடிய 6,959 ஓரெழுத்துத் திரிபுகளை உயிரணுக்களில் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். பிஆர்சிஏ2 வேலை செய்யாவிட்டால் பிழைக்காத உயிரணுக்களைத் தேர்ந்தெடுத்திருப்பதால், எது வாழ்கிறது எது சாகிறது என்பதே விடை. 2018இல் பிஆர்சிஏ1இன் ஏறத்தாழ 4,000 திரிபுகளுக்கு இதே முறையில் செய்திருந்தார்கள். பரிசோதனைக்கு யாருடைய வம்சாவளியும் தேவையில்லை, எத்தனை தமிழர்கள் களஞ்சியத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் எழாது. என்னை இதில் ஈர்த்தது அதுதான்.

தங்கையின் திரிபைச் சுமந்த உயிரணுக்கள் வழக்கம்போல் வாழ்ந்திருக்கின்றன. மருத்துவர் வேண்டியதன்பேரில் ஆய்வகம் மறுபரிசீலனை செய்தது: அபூர்வம் என்பதற்கு 1 புள்ளி, ஆய்வுகூடச் சான்றுக்கு எதிர்மறை 4, கூட்டினால் எதிர்மறை 3. பெரும்பாலும் தீங்கற்றது.

"அப்படியானால் நானும் மகளும் நிம்மதியாக இருக்கலாமா" என்று அவர் கேட்கிறார். திரிபைப் பொறுத்தவரை இருக்கலாம். ஆனால் தங்கைக்கு 41 வயதில் நோய் வந்தது என்பது இந்த முடிவால் அழிந்துவிடவில்லை. மருத்துவர் முதல் நாள் வகுத்த திட்டம் அந்த வயதை வைத்து வகுத்தது, திரிபை வைத்து அன்று. ஆகவே அதில் மாற்றம் ஏதுமில்லை. 46 வயதான நீங்கள் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். மகளைப் பொறுத்தவரை, குடும்பத்தில் மிக இளவயதில் நோய் வந்தவரின் வயதிலிருந்து பத்தைக் கழித்து அந்த வயதில் தொடங்குவது மருத்துவர்கள் பலர் பின்பற்றும் வழக்கம். 31 வயதில் அவள் போய்க் கேட்கட்டும். அதற்குள் உங்கள் அத்தைகளைப் பற்றிய விவரத்தைத் திரட்டிவிடுங்கள். பிப்ரவரியில் கேட்டபோது பார்க்கிறேன் என்றீர்கள்.